கார் விபத்தும் காப்பீட்டுக் கிளைமும்: எதை, யாரிடம், எப்படிக் கேட்பது

எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி பின்னாலிருந்து மோதி எங்கள் காரின் டிக்கிக் கதவு உள்வாங்கிய அன்று, நான் செய்திருக்க வேண்டிய எதையும் செய்யவில்லை. லாரி ஓட்டுநர் இறங்கி வந்து கைகூப்பினார். துறைமுகம் நோக்கிக் காத்திருந்த லாரி வரிசை பின்னாலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் நீட்டிய 5,000 ரூபாயை வாங்கிக்கொண்டு, வண்டி எண்ணைக்கூடக் குறிக்காமல் தண்டையார்பேட்டைக்கு வந்து சேர்ந்தேன். மறுநாள் ஒர்க் ஷாப்பில் போட்ட எஸ்டிமேட் 53,000 ரூபாய். மூன்றாம் நாள் என் மனைவிக்குக் கழுத்து வலி தொடங்கியது. அது அடங்க ஐந்து மாதங்கள் ஆயின. காரின் செலவில் பெரும்பகுதியை என் காப்பீட்டு நிறுவனம் கொடுத்துவிட்டது. என் மனைவியின் சிகிச்சைக்கு ஒரு ரூபாய்கூட யாரிடமும் கேட்க முடியவில்லை, ஏனென்றால் மோதிய வண்டி எது என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. தகரத்துக்கு வழி தெரிந்திருந்த எனக்கு உடம்புக்கு வழி தெரியவில்லை. இரண்டுக்கும் வழி வேறு என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

ஒரே பாலிசிக்குள் மூன்று ஏற்பாடுகள்

‘ஃபுல் இன்சூரன்ஸ் போட்டிருக்கிறோம், எல்லாம் கிடைத்துவிடும்’ என்று நம் வடசென்னைப் பக்கத்தில் பலரும் சொல்வதுண்டு. உண்மையில் பேக்கேஜ் பாலிசி எனப்படும் அந்தத் தாளுக்குள் மூன்று தனித்தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கேட்கும் இடமும் கேட்கும் முறையும் வேறு.

முதலாவது ஓன் டேமேஜ், அதாவது உங்கள் வண்டிக்கு ஏற்பட்ட சேதம். இதை உங்கள் நிறுவனத்திடமே கேட்கிறீர்கள். தவறு யாருடையது என்பது இங்கே முதன்மையான கேள்வி அல்ல. மோதியவர் தப்பிவிட்டாலும், நீங்களே தூணில் இடித்துக்கொண்டாலும் கேட்கலாம். இரண்டாவது தேர்டு பார்ட்டி. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 146ஆம் பிரிவின்படி இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒரு வண்டியால் மற்றவருக்கு நேர்ந்த மரணம், காயம், பொருள் சேதம் ஆகியவற்றுக்கு அந்த வண்டியின் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்கிறது. மரணத்துக்கும் காயத்துக்கும் தொகை வரம்பு கிடையாது; தனியார் காரைப் பொறுத்தவரை பொருள் சேதத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை. இந்தப் பணத்தை நிறுவனத்தின் கிளையில் படிவம் கொடுத்து வாங்க முடியாது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப்போட வேண்டும். மூன்றாவது, ஓட்டுநராகவும் இருக்கும் உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு. இதன் தொகை 15 லட்சம் ரூபாய். இது மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டுமே உரியது; சாதாரண எலும்பு முறிவின் மருத்துவச் செலவுக்கு இதில் இடமில்லை. உரிமையாளர் இறந்துபோன பல குடும்பங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே வீட்டில் உள்ளவர்களிடம் பாலிசியைக் காட்டி, நாமினியின் பெயர் சரியாக இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

உங்கள் பாலிசி உண்மையில் எது என்பதையும் அப்போதே பார்க்க வேண்டும். 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டுத் தேர்டு பார்ட்டிக் காப்பீடு சேர்த்தே எடுக்கப்படுகிறது. ஓன் டேமேஜ் பகுதியோ பெரும்பாலும் ஓராண்டுக்கே இருக்கும். தாளில் மூன்று ஆண்டுக் கணக்கைப் பார்த்துவிட்டு, முதலாண்டு முடிவில் ஓன் டேமேஜைப் புதுப்பிக்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். தேர்டு பார்ட்டி மட்டும் உள்ள வண்டியில் இன்னொரு குறையும் உண்டு. காரில் உடன் வரும் உறவினர்கள் காயமடைந்தால் பேக்கேஜ் பாலிசி அவர்களுக்கும் பொறுப்பேற்கும். வெறும் தேர்டு பார்ட்டிப் பாலிசி பொதுவாக ஏற்பதில்லை.

மோதிய இடத்தில் முதல் அரை மணி நேரம்

காயம்பட்டவர் இருந்தால் 108ஐ அழைப்பதுதான் முதல் வேலை. மற்ற அனைத்தும் அதற்குப் பிறகே. காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், காவல் நிலையத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் கொடுப்பதும் சட்டத்தின் 134ஆம் பிரிவு ஓட்டுநருக்கு விதிக்கும் கடமை. தூக்கிச் சென்று சேர்க்கும் வழிப்போக்கரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதும் 134அ பிரிவில் சட்டமாகவே இருக்கிறது. உதவிக்கு வரத் தயங்குபவரிடம் அதைச் சொல்லலாம்.

வண்டிகளை ஓரங்கட்டும் முன் படம் எடுத்துவிடுங்கள். சேதத்தை மட்டும் நெருக்கமாக எடுப்பது போதாது. இரண்டு வண்டிகளும் எண்ணோடு தெரியும்படி சற்றுத் தள்ளி நின்று ஒரு படம், பிரேக் தடம் தெரியும்படி ஒரு படம், பின்னணியில் கடைப் பெயர்ப் பலகையோ மெட்ரோ தூணோ தெரியும்படி ஒரு படம் வேண்டும். நம் பகுதிச் சாலைகளுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கன்டெய்னர் பெட்டியின் பக்கவாட்டில் நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களுமாகப் பெரிதாக எழுதியிருப்பது வண்டி எண் அல்ல, அந்தப் பெட்டியின் எண். நாளை அந்தப் பெட்டி கப்பலில் ஏறிவிடும். அதைக் குறித்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனால் பயன் இல்லை. இழுக்கும் வண்டிக்கும் பின்னால் வரும் டிரெய்லருக்கும் தனித்தனிப் பதிவெண் இருக்கக்கூடும் என்பதால் முன்னாலும் பின்னாலும் சென்று இரண்டையும் எடுங்கள். பதிவெண் கையில் இருந்தால், அந்த வண்டிக்குக் காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்பதை எம்-பரிவாகன் செயலியில் அங்கேயே நின்று பார்த்துவிடலாம்.

சாலையிலேயே பேசி முடிக்கும் வழக்கத்தை நான் முற்றிலும் குறை சொல்லவில்லை. கண்ணாடி உடைந்த அளவோடு போய்விட்டால் அதுவே நல்லது. ஆனால் யாராவது ‘எங்கேயோ வலிக்கிறது’ என்று சொன்னாலே பணம் வாங்குவதும் கூடாது, கொடுப்பதும் கூடாது. ‘எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தத் தாளை எதிர்த்தரப்பு நிறுவனம் பயன்படுத்திக்கொள்ளும்; உங்கள் நிறுவனம் பின்னர் மோதியவரிடமிருந்து தொகையை மீட்கும் உரிமையும் அதனால் கெடும். அதேபோல், நீங்கள் மோதியிருந்தால் ‘எல்லாச் செலவும் என்னுடையது’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் பொறுப்பை ஏற்கக் கூடாது என்பது பாலிசியின் நிபந்தனைகளில் ஒன்று.

மருத்துவமனைப் பதிவேட்டில் விழும் ஒரு வரி

இந்த வழிகாட்டியில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம். காயத்தோடு மருத்துவமனைக்குச் செல்பவரின் விவரம் அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதப்படுகிறது, ஏ.ஆர். நகல் என்று வழக்கறிஞர்கள் கேட்பது அதைத்தான். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்த வண்டியால், எப்படி நடந்தது என்று அழைத்து வந்தவரோ காயம்பட்டவரோ சொல்வதை மருத்துவர் ஓரிரு வரிகளில் எழுதுவார். தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

எங்கள் தெருவில் ஒருவர், காசிமேட்டிலிருந்து அதிகாலையில் இருசக்கர வாகனத்தில் மீன் ஏற்றி வந்தபோது ஒரு கார் இடித்துக் கால் முறிந்தது. போலீஸ் கேஸ் என்றால் வேலை கெடும் என்று பயந்த அவருடைய மைத்துனர், மருத்துவமனையில் ‘வண்டி வழுக்கித் தானே விழுந்துவிட்டார்’ என்று சொல்லிவிட்டார். இருபது நாள் கழித்து, இரண்டு அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு, கார் எண்ணோடு புகார் கொடுத்தார்கள். இடித்ததைப் பார்த்த டீக்கடைக்காரர் சாட்சி சொல்லவும் வந்தார். ஆனால் அந்தப் பதிவேட்டில் இருந்த ‘தானே விழுந்தது’ என்ற சொற்கள், பின்னால் வந்த எல்லாச் சொற்களையும் சந்தேகத்துக்குரியவை ஆக்கிவிட்டன. புகாரில் சொன்னது பொய் இல்லை; முதலில் மைத்துனர் சொன்னதுதான் பொய். அதனால் உண்மையை முதல் முறையே சொல்லுங்கள். வண்டி எண் தெரியாவிட்டால் ‘எண் தெரியாத வெள்ளை நிறக் கார்’ என்றாவது எழுதச் சொல்லுங்கள்.

செலவுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள அரசு மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. தமிழ்நாட்டுக்காரரா, காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்ற கேள்வி அதில் இல்லை. மத்திய அரசு 2025இல் அறிவித்த திட்டம், ஏழு நாட்கள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குப் பணமில்லாச் சிகிச்சை தருகிறது. இவை தீர்ப்பாயத்தில் கேட்கும் இழப்பீட்டுக்கு மாற்று அல்ல. இந்தச் சிகிச்சையைப் பெற்றவர் தாராளமாக மனுவும் போடலாம்.

காவல் நிலையத்தில் முதலில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். வண்டிச் சேதம் மட்டும் உள்ள சிறு கிளைம்களுக்குப் பெரும்பாலும் அதுவே போதும்; பல நேரங்களில் அதுகூடத் தேவைப்படாது. உயிரிழப்போ காயமோ இருந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் வேண்டும், ரசீதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். சென்னையில் விபத்து வழக்குகளைச் சட்டம் ஒழுங்குப் பிரிவு விசாரிப்பதில்லை, போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவுதான் விசாரிக்கிறது. எந்தப் புலனாய்வு நிலையம் என்பதை அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். 2022இல் ஆணையரகங்கள் பிரிக்கப்பட்ட பிறகு நகரின் வடக்கு ஓரப் பகுதிகள் சில ஆவடி ஆணையரகத்துக்குப் போய்விட்டதால், மோதிய இடம் எந்த எல்லைக்குள் வருகிறது என்ற அலைச்சலும் நமக்கு உண்டு. 2022 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். அனுப்பப்பட்டதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

காருக்கான கிளைம்: பில்லில் என்ன கழியும்?

நிறுவனத்தின் தொலைபேசி எண்ணிலோ செயலியிலோ அன்றே, அதிகம் போனால் மறுநாள், தகவல் கொடுத்துக் கிளைம் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தாமதத்துக்கு உண்மையான காரணம் இருக்கும்போது அதை மட்டுமே சொல்லி நியாயமான கிளைமை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011இலேயே நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ஆனாலும் அந்த வாதத்துக்கு இடம் வைக்காமல் இருப்பதே நல்லது. சேதத்தை மதிப்பிட நிறுவனம் நியமிக்கும் சர்வேயர் வந்து பார்க்கும் வரை வண்டியைப் பிரிக்கவோ டிங்கரிங் தொடங்கவோ விடாதீர்கள். ஆணையத்தின் 2024ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி, தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அது வந்த ஏழு நாட்களுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும்.

சர்வேயர் வரும்போது நீங்களும் ஒர்க் ஷாப்பில் இருங்கள். அவர் வண்டியைச் சுற்றி வந்து, நீங்கள் படிவத்தில் எழுதியிருக்கும் விவரத்தோடு அடியின் உயரமும் திசையும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார். பின்னால் மோதியதாக எழுதிவிட்டு, முன் கதவில் இருந்த பழைய கீறலையும் அதே எஸ்டிமேட்டில் சேர்க்கும்படி ஒர்க் ஷாப்காரர் ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். பழைய கீறலில் துரு ஏறியிருக்கும், அது அவர் கண்ணில் படாமல் போகாது, அந்த ஒரு வரியால் மொத்தக் கிளைமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். பிரித்த பிறகு உள்ளே கூடுதல் சேதம் தெரிந்தால், வேலையை நிறுத்தி, அவரை மறுபடி அழைத்துக் காட்டிய பின்பே தொடர வேண்டும்.

‘கேஷ்லெஸ் என்றார்கள், ஆனால் பணம் கட்டச் சொல்கிறார்களே’ என்ற வருத்தம் இந்தக் கட்டத்தில்தான் எழுகிறது. எங்கள் காரின் பில்லையே எடுத்துக்கொள்கிறேன். வாங்கி மூன்று ஆண்டுகள் முடிந்து நான்காம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் பேட்டரிக்கும் டயருக்கும் தேய்மானமாக 50% கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகப் பாகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு கூடிக்கொண்டே போகும், நான்காம் ஆண்டில் அது 25%. பின் பம்பர் 8,000 ரூபாய், பிளாஸ்டிக் என்பதால் 4,000 கழிந்தது. டிக்கிக் கதவு 16,000, அதில் 4,000 கழிந்தது. பின் விளக்கு 4,000, அதில் 2,000 கழிந்தது. பின் கண்ணாடி 6,000 முழுவதும் கிடைத்தது. பெயின்டிங் 12,000, அதில் கால் பங்கைப் பெயின்டின் விலையாகக் கொண்டு, அந்த 3,000இல் பாதியாக 1,500 கழித்தார்கள். கூலி 7,000 முழுவதும் கிடைத்தது. ஆக 53,000இல் தேய்மானம் 11,500. அதன் மேல், 1,500 சி.சி. வரையிலான கார்களுக்குக் கட்டாயக் கழிவு 1,000. நிறுவனம் கொடுத்தது 40,500. நான் கட்டியது 12,500. ‘பம்பர் டு பம்பர்’ என்று சொல்லப்படும், தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் காப்பீட்டைச் சேர்த்திருந்தால் அந்த 11,500 எனக்கு மிச்சமாகியிருக்கும். புது வண்டிக்கு அதைச் சேர்த்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். நம் சாலைகளில் பம்பருக்குத்தான் முதல் அடி விழுகிறது.

சிறிய சேதத்துக்குக் கிளைம் போடும் முன், நோ கிளைம் போனஸ் கணக்கையும் பார்க்க வேண்டும். ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கிடைக்கும் இந்தத் தள்ளுபடி, கிளைம் இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் 20, 25, 35, 45, 50% என ஏறும். ஒரு கிளைம் போட்டால் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியம் 9,000 ரூபாய், இப்போது 35% தள்ளுபடியில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிளைம் போடாவிட்டால் அடுத்த ஆண்டு 45%, பிறகு 50% கிடைக்கும். போட்டால் 0, 20, 25, 35, 45 என மறுபடி ஏற வேண்டும். பிரீமியம் மாறாது என்று கொண்டால் ஐந்து ஆண்டுகளில் இழப்பது 4,050, 2,700, 2,250, 1,350, 450. கூட்டினால் 10,800 ரூபாய். ஆகவே அந்த நிலையில் கையில் வருவது பத்தாயிரத்துக்குக் குறைவாக இருந்தால் சொந்தப் பணத்தில் சரிசெய்துவிடுவதே லாபம். எதிராளி உங்கள் வண்டியின் மீது போடும் தேர்டு பார்ட்டி வழக்கால் இந்தப் போனஸ் குறையாது.

பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி. எனப்படும், பாலிசியில் வண்டிக்கு அறிவிக்கப்பட்ட மதிப்பில் 75%ஐத் தாண்டினால், டோட்டல் லாஸ் என்று முடிவு செய்து அந்த மதிப்பையே கொடுப்பார்கள். வண்டிக்குக் கடன் இருந்தால் பணம் முதலில் வங்கிக்குப் போகும். பிரீமியம் குறையட்டும் என்று ஐ.டி.வி.யைக் குறைத்துப் போட்டவர்களுக்கு அப்போதுதான் அதன் விலை தெரியும்.

எங்கே மறுப்பார்கள்?

ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் உரிமம் இல்லாதது, மது அருந்தி ஓட்டியது, சொந்தப் பயன்பாட்டுக் காரை வாடகைக்கு விட்டது, முந்தைய நிறுவனத்தில் கிளைம் வாங்கியதை மறைத்து நோ கிளைம் போனஸ் பெற்றது ஆகியவை ஓன் டேமேஜ் கிளைமை மறுக்கக் கூறப்படும் வழக்கமான காரணங்கள். பழைய கார் வாங்கியவர்கள் தடுக்கி விழும் இடம் வேறு. ஆர்.சி.யில் பெயர் மாற்றினால் மட்டும் போதாது, பாலிசியையும் 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்றக் கோர வேண்டும். தேர்டு பார்ட்டிப் பகுதி வண்டியோடு தானே வந்துவிடும். ஓன் டேமேஜ் வராது. விற்றவரின் நோ கிளைம் போனஸும் வாங்கியவருக்கு வராது.

மழைக்காலத்தைப் பற்றியும் ஒரு சொல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் நின்ற தண்ணீரில் எத்தனையோ கார்கள் மூழ்கின. வெள்ளச் சேதம் பேக்கேஜ் பாலிசியில் அடங்கும். ஆனால் தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய முயன்று அதனால் எஞ்சின் கெட்டால், அது வெள்ளத்தால் நேர்ந்ததல்ல, உங்கள் செயலால் நேர்ந்தது என்பார்கள். எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு இல்லாவிட்டால் அந்தப் பணம் வராது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் வண்டி நின்றுவிட்டால் சாவியைத் திருப்பாமல் இறங்கி, டோயிங் வண்டியை அழைப்பதே வழி.

தீர்ப்பாயம்: உடம்புக்கும் உயிருக்கும் கணக்கு

சென்னையில் இந்தத் தீர்ப்பாயமாகச் செயல்படுவது உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறுவழக்கு நீதிமன்றம். விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் இடம், எதிர்த்தரப்பினர் வசிக்கும் இடம் ஆகியவற்றில் எந்த எல்லைக்குரிய தீர்ப்பாயத்திலும் 166ஆம் பிரிவின்படி மனுப்போடலாம். ஆகவே மோதல் ஆந்திர எல்லையில் நடந்திருந்தாலும் திருவொற்றியூர்க்காரர் இங்கேயே வழக்கு நடத்தலாம். விபத்து நடந்து ஆறு மாதங்களுக்குள் மனுத்தாக்கல் செய்ய வேண்டும் என்ற திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குகள் சென்றுள்ளன. அவற்றை நம்பிக் காத்திருக்க வேண்டாம், ஆறு மாதம் என்றே எண்ணிச் செயல்படுங்கள்.

மரண வழக்கில் தொகை எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், சமரசம் பேச வருபவர் சொல்லும் எண் நியாயமானதா என்று உங்களாலேயே கணிக்க முடியும். 2009இலும் 2017இலும் உச்ச நீதிமன்றம் வகுத்துத் தந்த முறை இது. 35 வயது மெக்கானிக் ஒருவர், மாத வருமானம் 18,000 ரூபாய், மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நான்கு பேர் அவரைச் சார்ந்திருந்தார்கள் என்று கொள்வோம். சுயதொழில் செய்யும் 40 வயதுக்கு உட்பட்டவரின் எதிர்கால வருமான உயர்வுக்கு 40% கூட்ட வேண்டும், 25,200 ஆகிறது. சார்ந்திருப்போர் நான்கு முதல் ஆறு பேர் என்றால் இறந்தவரின் சொந்தச் செலவாகக் கால் பங்கு கழியும், மீதி 18,900. ஆண்டுக்கு 2,26,800. 31 முதல் 35 வயது வரை பெருக்கல் எண் 16. பெருக்கினால் 36,28,800 ரூபாய். அதோடு இறுதிச் சடங்கு, சொத்து இழப்பு, துணையை இழந்தமை ஆகியவற்றுக்கான தொகையும் வட்டியும் சேரும். இத்தகைய குடும்பத்திடம் வந்து ‘எட்டு லட்சத்தில் முடித்துக்கொள்ளலாம்’ என்று சொன்னால் அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது இப்போது புரியும். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடித்துக்கொள்வது விரைவானது, நல்லதும்கூட. ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகையை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது என்பதால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

இந்தக் கணக்கு முழுவதும் அந்த 18,000 என்ற எண்ணின் மேல்தான் நிற்கிறது. சம்பளச் சீட்டு இல்லாத உழைப்பாளிகள் நிறைந்த நம் பகுதியில் அதை நிரூபிப்பதுதான் கடினம். வங்கிப் பாஸ்புக், கூகுள் பேயிலோ ஃபோன்பேயிலோ வந்த பணத்தின் பட்டியல், மீன் ஏலச் சீட்டுகள், மீனவர் நல வாரிய அட்டை அல்லது கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, வேலை கொடுத்தவரின் நேரடிச் சாட்சியம் ஆகிய அனைத்தையும் திரட்டுங்கள். காய வழக்கில் டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு மருந்துப் பில், மருத்துவமனைக்குப் போய்வந்த ஆட்டோச் செலவு, ஊனத்தின் சதவீதம் குறித்த சான்று, வேலைக்குப் போக முடியாத நாட்களின் கணக்கு ஆகியவை வேண்டும். யார் தவறு என்று வாதாட விரும்பாதவர்களுக்கு 164ஆம் பிரிவில் மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் என நிலையான தொகை உண்டு. இடித்துவிட்டுத் தப்பிய வண்டி கண்டுபிடிக்கப்படவே இல்லை என்றால், 2022ஆம் ஆண்டுத் திட்டத்தின் கீழ் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசு வழியாகக் கிடைக்கும்.

மருத்துவமனை வாசலிலேயே வக்காலத்தில் கையெழுத்துக் கேட்பவர்களிடம் கவனம் தேவை. வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவதை வழக்கறிஞர்களுக்கான பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும்.

கார் வைத்திருப்பவர்களுக்கும் இங்கே ஓர் எச்சரிக்கை. உரிமம் இல்லாத அண்ணன் மகனிடம் சாவியைக் கொடுத்து அவன் ஒருவரை இடித்துவிட்டால், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு அதை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும்படி நிறுவனத்துக்குத் தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவதுண்டு. அந்தத் தொகை வீட்டை விற்கும் அளவுக்கும் போகலாம்.

மறுத்தாலும் குறைத்தாலும்

ஓன் டேமேஜ் கிளைமை மறுத்தால் காரணத்தையும், அது பாலிசியின் எந்த நிபந்தனையில் வருகிறது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலையும் எழுத்திலேயே கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார். அதைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில், அல்லது 155255 என்ற எண்ணில் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னை அலுவலகம் அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பார், அவருடைய உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். தீர்ப்பாயத்துக்குரிய தேர்டு பார்ட்டி இழப்பீட்டை மட்டும் அங்கே கேட்க முடியாது.

குறைதீர்ப்பாளரின் முடிவு திருப்தி தராவிட்டால், அல்லது அங்கே போகாமல் நேராகவே, வடசென்னைக்கென்று உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு, இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். பாலிசி நகல், கிளைம் படிவத்தின் நகல், சர்வேயர் அறிக்கை, மறுப்புக் கடிதம், ஒர்க் ஷாப் பில், சாலையில் நின்று எடுத்த படங்கள் ஆகியவற்றை நாள் வரிசைப்படி அடுக்கி, மேலே ஒரு பக்கத்துக்கு நடந்ததை எழுதி இணைத்தால் மனு பெரும்பாலும் தயாராகிவிடும்.